மூன்றாமவருக்கான காகிதம்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வார இறுதியில் ஏறும் சுற்றுலாக் கார், காபி மூட்டையோடு இறங்கும் லாரி, நாகலூர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்கு உரம் கொண்டுபோகும் பிக்கப், கல்லூரி மாணவரின் பைக் என எந்த வண்டியானாலும் இன்சூரன்ஸ் சர்டிபிகேட் இல்லாமல் அந்தச் சாலையில் ஏறக்கூடாது என்பது சட்டம். ஆர்.சி. புக்கோடும் லைசென்ஸோடும் சேர்த்து வைத்திருக்கும் இந்தக் காகிதத்தை, போலீஸ் மறித்தால் காட்டி அபராதத்திலிருந்து தப்பிக்க உதவும் சீட்டாகத்தான் நம்மில் பலர் பார்க்கிறோம். அதன் வரலாற்றைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. வண்டிக்குச் சொந்தக்காரர், இன்சூரன்ஸ் நிறுவனம் என்ற இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் இது. ஆனால் இது பிறந்தது அந்த இருவருக்காக அல்ல. சாலையோரம் நடந்துபோகும், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத மூன்றாம் மனிதருக்காக. இந்தக் காகிதத்தை எந்த ஓட்டுநரிடம் கேட்பது, ஆபத்தானவர் என்று தெரிந்தவரிடம் மட்டுமா, எல்லாரிடமுமா என்ற கேள்விக்கு உலகம் இரண்டு விடைகள் கண்டது. இந்தியா தேர்ந்த விடையே சரியானது என்பதும், அந்த விடையை முழுதாக நிறைவேற்றாமல் சில பேரை மட்டும் வெளியே நிறுத்திவிட்டோம் என்பதும், அப்படி வெளியே நிற்பவர்களில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்காரர்களைப் போன்றவர்களே அதிகம் என்பதும் என் வாதம்.

மோட்டார் வண்டிகள் பெருகிய 1920-களில் அமெரிக்காவில் இந்தக் கேள்வி முதலில் சூடுபிடித்தது. கார் மோதி ஒருவர் கால் இழக்கிறார். காரோட்டியிடமோ காசில்லை. நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தாலும் வசூலிக்க ஒன்றுமில்லை. கனெக்டிகட் மாநிலம் 1925-இல் இதற்கு ஒரு சட்டம் செய்தது. விபத்து ஏற்படுத்தியவரோ கடுமையான சாலைக் குற்றத்தில் சிக்கியவரோ, இனிமேல் ஏதாவது நேர்ந்தால் பணம் கொடுக்கத் தன்னால் முடியும் என்று நிரூபிக்க வேண்டும், மற்றவர்களுக்குத் தொந்தரவில்லை. பல மாநிலங்கள் இந்த வழியில் நடந்தன. இன்றும் அங்கே எஸ்.ஆர்.-22 என்றொரு சான்றிதழ் புழக்கத்தில் இருப்பது இந்த மரபின் தொடர்ச்சிதான். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவர், லைசென்ஸ் முடக்கப்பட்டவர் போன்றோருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நிறுவனமே மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு அதைத் தொடர வேண்டும். இடையில் பாலிசி அறுந்தால் நிறுவனம் துறைக்குத் தெரிவிக்கும். லைசென்ஸ் மறுபடியும் முடங்கும். மாசசூசெட்ஸ் மாநிலம் மட்டும் தனி வழியில் போனது. 1927 தொடக்கத்திலிருந்து அங்கே எல்லா வண்டிகளுக்கும் இன்சூரன்ஸ் கட்டாயமானது.

கனெக்டிகட் வழியில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். தப்பு செய்தவரைத் தண்டி, ஒழுங்காக ஓட்டுபவரை விட்டுவிடு என்பது யாருக்கும் பிடிக்கும் கொள்கை. ஆனால் அந்தக் கொள்கை ஓட்டுநரை மட்டுமே பார்க்கிறது. ஒருவர் ஆபத்தானவர் என்பது அவருடைய முதல் விபத்துக்குப் பிறகுதான் சட்டத்துக்குத் தெரியவரும். அந்த முதல் விபத்தில் அடிபட்டவருக்கு என்ன கிடைக்கும்? அவர் சிந்திய ரத்தத்தைச் சாட்சியாக வைத்து அடுத்து அடிபடப்போகிறவருக்குப் பாதுகாப்பு ஏற்பாடாகிறது, அவருக்கு ஒன்றுமில்லை. இந்தக் குறைக்கு இடம் தராமல் நியூசிலாந்து 1928-இலும் பிரிட்டன் 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும், வண்டி சாலையில் இறங்குவதற்கு முன்பே காகிதத்தைக் கேட்டன. அமெரிக்காவிலும் நியூயார்க் போன்ற மாநிலங்கள் 1950-களில் இந்த வழிக்கே வந்து சேர்ந்தன.

இந்தியாவில் 1914-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பதிவு, லைசென்ஸ் ஆகியவற்றோடு நின்றுவிட்டது. இன்சூரன்ஸ் பற்றி அதில் பேச்சே இல்லை. 1936-37-இல் மோட்டார் வாகன இன்சூரன்ஸ் குழு ஒன்று இதை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் எழுதப்பட்டது. சட்டம் 1939-இலேயே நடைமுறைக்கு வந்தாலும் இந்த அத்தியாயத்தை மட்டும் தள்ளிவைத்தார்கள். உலகப் போரும் குறுக்கிட்டது. கடைசியில் 1946 ஜூலை 1 முதல்தான் இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது குற்றமாயிற்று. பிரிட்டிஷ் சட்டத்தைப் பார்த்து எழுதியது இது என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் ஊருக்கு இது இன்னும் பொருத்தமாக இருந்தது. வண்டி வைத்திருப்பவர் மிகச் சிலராகவும் அதே சாலையில் நடந்துபோகிறவர் மிகப் பலராகவும் இருந்த நாட்டில், நடப்பவரின் பக்கம் நின்று எழுதிய சட்டமே நியாயமானது.

அந்தக் காகிதத்துக்கு எவ்வளவு வலு இருந்தது என்பதை வழக்குகள் காட்டுகின்றன. சாதாரண ஒப்பந்தமாக இருந்தால், சொந்தக்காரர் ஏமாற்றினார், நிபந்தனையை மீறினார் என்று சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் கழன்றுகொள்ளலாம். மோட்டார் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. எந்தெந்தக் காரணத்தைச் சொல்லி நிறுவனம் மறுக்கலாம் என்று ஒரு குறுகிய பட்டியல் போட்டு, அதற்கு வெளியே வாய் திறக்கக்கூடாது என்றது. கேப்டன் இத்பார் சிங் வழக்கில் 1959-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 1987-இல் வந்த கோகிலாபென் வழக்கு இன்னும் தெளிவானது. குஜராத்தில் ஒரு லாரி டிரைவர் இன்ஜினை ஓடவிட்டபடியே எதிர்க் கடையில் பலகாரம் வாங்கப் போகிறார். லைசென்ஸ் இல்லாத கிளீனர் வண்டியை எடுக்க, ஓர் உயிர் போகிறது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதால் பொறுப்பில்லை என்றது நிறுவனம். சொந்தக்காரர் லைசென்ஸ் உள்ள டிரைவரிடம்தான் வண்டியைக் கொடுத்திருந்தார், ஆகவே கொடுத்தே தீர வேண்டும் என்றது நீதிமன்றம். கட்டாய இன்சூரன்ஸ் வந்தது இன்சூரன்ஸ் வியாபாரத்தை வளர்க்க அல்ல, சாலையில் போகும் மக்களைக் காக்க என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் அழுத்தமாக வந்தது. பத்தாண்டு கழித்து இந்தர்ஜித் கௌர் வழக்கில், ஒரு பேருந்தின் பிரீமியத்துக்குக் கொடுத்த செக்கே பணமில்லாமல் திரும்பிவிட்டது. அப்படியிருந்தும், சர்டிபிகேட்டைக் கொடுத்தது கொடுத்ததுதான், மூன்றாமவருக்கு நிறுவனம் பொறுப்பு என்று முடிவாயிற்று. பிரீமியம் வராதது நிறுவனத்துக்கும் சொந்தக்காரருக்கும் உள்ள கணக்கு. அதற்காகத் தெருவில் போனவரைத் தண்டிக்க முடியாது.

இப்படிச் சொல்வதால் தொடக்கத்திலிருந்தே எல்லாம் நன்றாக இருந்தது என்று ஆகிவிடாது. 1939 சட்டத்தில் சரக்கு வண்டிக்கு நிறுவனத்தின் உச்சவரம்பு ரூ.20,000. பேருந்துப் பயணி ஒருவருக்கு ரூ.2,000 தான். 1956-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமையியல் நீதிமன்றப் படிகளில் வருஷக்கணக்கில் ஏறி இறங்காமல் இருக்கத் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. சேலம் நீதிமன்றங்களில் எம்.சி.ஓ.பி. என்று வக்கீல்களும் கட்சிக்காரர்களும் சர்வ சாதாரணமாகச் சொல்லும் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகள் இந்த மரபில் வந்தவை. 1982 அக்டோபர் முதல், யார் மீது தப்பு என்று பாராமலே சாவுக்கு ரூ.15,000, நிரந்தர ஊனத்துக்கு ரூ.7,500 உடனடியாகக் கிடைத்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் உயிர்ச்சேதத்துக்கும் காயத்துக்கும் இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. 2016-இல் கொண்டுவந்த திருத்த மசோதாவில் சாவுக்கு ரூ.10 லட்சம் என்று மறுபடியும் ஒரு வரம்பு தலைகாட்டியது. எதிர்ப்புக்குப் பிறகு மறு ஆண்டு மக்களவையில் அது நீங்கியது. இத்தனை ஆண்டுகளாக இந்தச் சட்டம் மெல்ல மெல்ல, சில சமயம் பின்வாங்கியும், அடிபட்டவரின் பக்கமாகவே நகர்ந்து வந்திருக்கிறது.

இனி எதிர்வாதங்களைப் பார்க்கலாம். ஒழுங்காக ஓட்டும் நூறு பேர் ஏன் ஒரு முரடனுக்காகப் பணம் கட்ட வேண்டும் என்பது முதல் கேள்வி. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரையுள்ள பைக்குக்கு ஆண்டுக்கு ரூ.714, 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு ரூ.16,049. இந்தத் தொகை இன்ஜினையும் எடையையும் பார்த்து வைத்தது. ஓட்டுகிறவரின் குணத்தைப் பார்க்கவில்லை. இருபது ஆண்டு விபத்தே இல்லாமல் ஓட்டியவரும் நேற்று லைசென்ஸ் எடுத்தவரும் ஒரே தேர்டு பார்ட்டி (மூன்றாமவர்) கட்டணம்தான் கட்டுகிறார்கள். இது அநியாயம் என்பவர்கள் ஏற்காடு சாலையை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஆபத்து ஓட்டுநரின் கையில் மட்டும் இல்லை. இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துச் சூடேறிய பிரேக், வளைவை மூடும் பனிமூட்டம், மழையில் சரிந்துவந்த கல், சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகி மலையில் முதல் தடவை கியர் மாற்றும் கை என எல்லாம் சேர்ந்து நல்ல டிரைவரையும் ஒரு நொடியில் ஆபத்தான டிரைவராக்கிவிடும். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய ஒரு தனியார் பேருந்து மலைப்பாதையில் கவிழ்ந்து குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். அதில் ஏறியவர்களில் யாருக்கும் அன்று அந்த வண்டி அபாயமானது என்று முன்கூட்டித் தெரிந்திருக்க வழியில்லை. ஆபத்தானவரை முன்னதாகவே அடையாளம் காண முடியும் என்ற நம்பிக்கையில் நிற்பது கனெக்டிகட் வழி. மலைப்பாதையில் அந்த நம்பிக்கை எடுபடாது.

காப்பீடு இருக்கிறது என்ற தைரியத்தில் ஓட்டுநர் அசட்டையாகிவிடுவார் என்பது அடுத்த எதிர்வாதம். இழப்பீட்டை நிறுவனம் கொடுத்தாலும், ஜெயிலுக்குப் போக வேண்டியது ஓட்டுநர்தான். லைசென்ஸ் போவதும் அவருடையதுதான். தன் உயிரும் அதே வண்டியில்தான் இருக்கிறது. ஆகவே இந்த வாதத்தில் எனக்குப் பெரிய பலம் தெரியவில்லை. ஆனாலும் மோசமாக ஓட்டுபவர் கூடுதலாகக் கட்டட்டும் என்பதில் தப்பில்லை. 2021 ஜனவரியில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் குழு ஒன்று வெளியிட்ட வரைவு அறிக்கை, போக்குவரத்து விதிமீறலுக்குத் தனியாக ஒரு பிரீமியம் வைக்கலாம் என்றது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்று கணக்கிட்டு, முதலில் டெல்லியில் சோதித்துப் பார்க்கலாம் என்று அது சொன்னது. அமெரிக்காவின் எஸ்.ஆர்.-22-க்கு இந்தியாவில் நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்கது இதுதான். இதை நான் வரவேற்கிறேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. எல்லாரும் கட்டும் அடிப்படைக் காப்பீட்டின் மேல் இது ஏறி நிற்க வேண்டும். அதற்குப் பதிலாக வந்துவிடக்கூடாது.

நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு குறை உண்டு. தேர்டு பார்ட்டியில், அதுவும் லாரியில், நஷ்டம் அதிகம் என்று அவை நெடுநாளாகச் சொல்லிவருகின்றன. இன்சூரன்ஸ் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்த 2007-இல், சரக்கு வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் போடவே நிறுவனங்கள் தயங்கக்கூடும் என்ற அச்சத்தில், எல்லா நிறுவனங்களும் அந்த நஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பொது நிதித் தொகுப்பு ஒன்றை ஏற்படுத்தினார்கள். 2012-இல் அதை மாற்றி, நிறுவனங்கள் ஏற்க விரும்பாத வண்டிகளுக்கென்று வேறொரு தொகுப்பு வந்தது. மறுபக்கம் நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு இதே கட்டணம் கழுத்தை நெரிக்கிறது. தேர்டு பார்ட்டி பிரீமியத்தை உயர்த்தியதை எதிர்த்து 2017 மார்ச் 30 முதல் தென்மாநில லாரிகள் ஓடாமல் நின்றன. டீசல், சுங்கச்சாவடி, டயர் என்று அவர்கள் சொல்லும் கணக்கில் பொய் இல்லை. அந்தக் கஷ்டத்தைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. ஆனால் அபாயமான வண்டியை நிராகரிக்காமல் அதன் சுமையை எல்லாருமாகப் பங்கிட்டுக்கொள்வது என்ற முடிவு மட்டும் சரியானது. நிராகரித்தால் அந்த வண்டி நிற்காது. காகிதம் இல்லாமல் ஓடும்.

இதுவரை சொன்னது நாம் சரியாகச் செய்தது. இனி வெளியே நிறுத்திவிட்டவர்களைப் பற்றி. சட்டம் முதல் நாளிலிருந்தே அரசுக்கு ஒரு விலக்குக் கொடுத்தது. அரசு வண்டிக்கு இன்சூரன்ஸ் தேவையில்லை; மாநிலப் போக்குவரத்து நிறுவனத்துக்கும், இழப்பீட்டுக்கென்று ஒரு நிதி வைத்திருந்தால், அரசு விலக்கு அளிக்கலாம். 1973-இல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அண்ணா போக்குவரத்துக் கழகம் வந்த காலத்திலிருந்து மலைக்கு ஏறும் அரசுப் பேருந்துகள் இந்த மரபில்தான் ஓடுகின்றன. அரசாங்கமே திவாலாகாது, பிறகெதற்கு இன்சூரன்ஸ் என்ற வாதம் காகிதத்தில் சரி. நடைமுறையில் என்ன ஆகிறது என்பதைத் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்கள் பல பார்த்திருக்கின்றன. விபத்து நடந்து பல ஆண்டு கழித்துத் தீர்ப்பு வருகிறது. பணம் வரவில்லை. நிறைவேற்று மனு போடுகிறார்கள். ஒரு நாள் கோர்ட் அமீனா உத்தரவோடு பேருந்து நிலையத்துக்கு வந்து, புறப்பட நிற்கும் பஸ்ஸிலிருந்து பயணிகளை இறங்கச் சொல்லி, முன்கண்ணாடியில் ஜப்தி நோட்டீஸை ஒட்டி, வண்டியை நீதிமன்ற வளாகத்துக்கு ஓட்டிப்போகச் சொல்கிறார். கணவனை இழந்த ஒரு பெண் தனக்குச் சேர வேண்டியதை வாங்க ஒரு பேருந்தையே பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது. சிறு லோடு ஆட்டோக்காரரிடம் ஈவிரக்கமின்றிக் கேட்கும் உறுதியை அரசு தன் கழகங்களிடமும் கேட்டிருந்தால் இந்த நிலை வராது. விலக்கை ரத்து செய்ய மனமில்லை என்றால், தீர்ப்பு வந்த மறுமாதமே பணம் போய்ச்சேரும் அளவுக்கு அந்த நிதியையாவது தனியாக, தொடமுடியாதபடி வைத்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விடுபடல் சரக்கு வண்டியில் ஏறும் மனிதர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது. அதற்குப் பின் மலையின் வாழ்க்கையே தோட்டத்தைச் சுற்றி அமைந்துவிட்டது. நாகலூர் போன்ற ஊர்களில் மலையாளிப் பழங்குடி மக்களும் கீழிருந்து வந்து குடியேறியவர்களும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். கார்த்திகை முதல் தை வரை பழம் பறிக்கும் பருவத்தில் விடியற்காலையில் மேஸ்திரி ஆள் சேர்ப்பார். கிடைத்த பிக்கப்பில் ஏற்றி அனுப்புவார். கல்யாணம், சாவு, சேர்வராயன் கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் குக்கிராமங்களிலிருந்து புறப்படுகிறவர்களுக்குக் கைக்கெட்டுவது பல சமயம் பின்னால் திறந்திருக்கும் ஒரு லோடு வண்டிதான். அந்த வண்டியின் இன்சூரன்ஸ் சர்டிபிகேட்டை எடுத்துப் பாருங்கள். பதிவு எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண், எந்த நேரத்திலிருந்து எந்த நள்ளிரவு வரை செல்லும், யார் ஓட்டலாம் என்ற விவரங்களோடு, இருக்கை எத்தனை, வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதும் இருக்கும். இருக்கை டிரைவரோடு சேர்த்து இரண்டோ மூன்றோ. பின்னால் நிற்கும் பதினைந்து பேர் அந்தக் காகிதத்தில் இல்லை.

இது தற்செயலாக வந்த நிலை அல்ல. நீதிமன்றம் இரண்டு தடவை யோசித்து வந்தடைந்த நிலை. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'எந்த நபரும்' என்ற சொல் இருப்பதால் சரக்கு வண்டியில் இலவசமாக ஏறியவரும் அதில் அடக்கம் என்று சத்பால் சிங் வழக்கில் 1999-இன் இறுதியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்றே ஆண்டில், 2002 டிசம்பரில், ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறு என்று ஒதுக்கியது. 1994-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியபோது, சரக்கு வண்டியில் வரும் சரக்குச் சொந்தக்காரரையும் அவருடைய ஆளையும் மட்டும் தனியாகச் சேர்த்தது. மற்றவர்களும் ஏற்கெனவே உள்ளே இருந்திருந்தால் இந்தத் திருத்தத்துக்கு வேலையே இல்லை என்பது அந்த அமர்வின் தர்க்கம். சட்டத்தைப் படிக்கும் முறையில் இது பிழையற்ற தர்க்கம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். வண்டிச் சொந்தக்காரரே தன் வேலையாட்களை ஏற்றிப்போனால் அப்போதிருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அளவுக்காவது காப்பீடு இருந்தது. ஆனால் வண்டியை வாடகைக்கு எடுத்தவரின் வேலையாட்களுக்கு அதுவும் கிடையாது என்று 2012 டிசம்பரில் சஞ்சீவ் குமார் சம்ராட் வழக்கில் முடிவாயிற்று. எஸ்டேட்டின் சொந்த வண்டியில் போன பெண்ணுக்கு ஒரு சட்டம், மேஸ்திரி பிடித்த வாடகை வண்டியில் போன பெண்ணுக்கு இன்னொன்று. இருவரும் பறித்தது ஒரே காபியைத்தான்.

இங்கே வரும் எதிர்வாதம் எல்லாவற்றிலும் வலுவானது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே சட்டவிரோதம், அதற்குக் காப்பீடு கொடுத்தால் அந்தப் பழக்கத்தை ஊக்குவித்ததாகும், போலீசும் ஆர்.டி.ஓ.வும் ஒரு பக்கம் பெர்மிட்டை ரத்து செய்வோம் என்று எச்சரிக்க, இன்சூரன்ஸ் இன்னொரு பக்கம் தைரியம் கொடுப்பதா என்கிறார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் குற்றம் செய்தவர் யார் என்று பார்க்க வேண்டும். ஆளை ஏற்றியது சொந்தக்காரரும் டிரைவரும். தண்டனை போவதோ ஏறிய பெண்ணின் பிள்ளைகளுக்கு. இழப்பீடு கிடைக்காது என்று பயந்து யாரும் வேலைக்குப் போகாமல் இருக்கப்போவதில்லை. அந்த விவரமே அவர்களுக்கு அடிபட்ட பிறகுதான் தெரியவரும். லைசென்ஸ் விஷயத்தில் இதே சிக்கலுக்கு உச்ச நீதிமன்றம் ஸ்வரன் சிங் வழக்கில் 2004-இல் ஒரு வழி காட்டியிருக்கிறது. முதலில் நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு விதியை மீறிய சொந்தக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்ற அந்த முறையைத் தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் நன்கு அறியும். அதே ஆண்டு பல்ஜித் கௌர் வழக்கில் சரக்கு வண்டியில் ஏறியவர் விஷயத்திலும் அந்த வழக்குக்கு மட்டும் அப்படிச் செய்யச் சொன்னார்கள். 2017-இல் மனுவாரா காதூன் வழக்கில், வாகனத்தில் இலவசமாகப் பயணித்தவர்களுக்கும் இந்த வழியையே காட்டினார்கள். இன்று இது நீதிபதியின் இரக்கத்தைப் பொறுத்த விஷயமாக இருக்கிறது. இரக்கத்தை நம்பி வக்கீல் வைத்து மேல்முறையீடு வரை போக வசதியுள்ளவருக்கு அது கிடைக்கலாம். நாகலூரிலிருந்து சேலத்துக்குப் பஸ் ஏறி வாய்தாவுக்கு வாய்தா வந்துபோக வேண்டியவருக்கு அது எட்டாது. விதியாகவே எழுதிவிட்டால் ஊக்குவிப்பும் இல்லை, ஏனென்றால் முழுப் பணமும் கடைசியில் சொந்தக்காரர் தலையில்தான் விழும். ஆள் ஏற்றும் பழக்கத்தைத் தடுக்க இதைவிடக் கடுமையான அபராதம் வேறென்ன இருக்க முடியும்?

கடைசியாக, காகிதமே இல்லாத வண்டிகள். நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கும் மேல் இன்சூரன்ஸ் இல்லாதவை என்பது நாடாளுமன்றக் குழு வரை பேசப்பட்ட உண்மை. அவற்றில் பெரும்பகுதி இரு சக்கர வண்டிகள். வாங்கும்போது ஷோரூமில் போட்டுத் தந்த இன்சூரன்ஸ் 2018 வரை முதல் ஆண்டோடு முடிந்துவிடும்; அதன் பிறகு பலர் அந்தப் பக்கமே போகவில்லை. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு இதைச் சுட்டிக்காட்டியது. அதன்மேல் 2018 ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால், அந்த ஆண்டு செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டும் பைக்குகளுக்கு ஐந்து ஆண்டும் சேர்த்தே தேர்டு பார்ட்டி போட வேண்டியதாயிற்று. ஒரு பெரிய ஓட்டை சிறிதாயிற்று; ஆறாம் ஆண்டில் அது மறுபடி திறந்துகொள்கிறது. 2019 திருத்தம் அபராதத்தை முதல் முறை ரூ.2,000, மறுமுறை ரூ.4,000 என்று உயர்த்தியது. அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது: 1994-இல் எடுத்துவிட்டிருந்த காலக்கெடுவை மறுபடி கொண்டுவந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்றது. 2022 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதம் என்பது கட்டுப் பிரிப்பதற்கே போதாத காலம். மலைக் கிராமத்து மனிதருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கவும் வண்டிக்கு எந்த நிறுவனத்தில் இன்சூரன்ஸ் என்று தெரிந்துகொள்ளவும் அதில் பாதி போய்விடும்.

ஆகவே நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை மூன்று என்று படுகிறது. சரக்கு வண்டியில் ஏறி அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுத்துச் சொந்தக்காரரிடம் வசூலிப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 147-ஆம் பிரிவிலேயே எழுத வேண்டும். ஆறு மாதக் கெடுவை எடுத்துவிட வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் இழப்பீட்டு நிதியை ஆண்டுதோறும் தணிக்கை செய்து வெளியிட வேண்டும். இவை நடக்கும்வரை நாகலூரிலும் மற்ற மலை ஊர்களிலும் பிக்கப், லோடு ஆட்டோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எம்-பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் முடியும் தேதியை இன்றே பாருங்கள், ஆள் ஏற்றித்தான் பிழைப்பு என்றால், பயணிகளை ஏற்றும் பெர்மிட்டும் அதற்குரிய இன்சூரன்ஸும் உள்ள வண்டிக்கு மாறிக்கொள்ளுங்கள். ஆட்களை வேலைக்கு அழைக்கும் எஸ்டேட்காரர்களும் மேஸ்திரிகளும், வண்டி கிளம்புவதற்கு முன் அந்தச் சர்டிபிகேட்டில் எத்தனை இருக்கை போட்டிருக்கிறது என்று ஒரு தடவை படித்துவிட்டு ஆளை ஏற்றுங்கள்.